தகரப்பெட்டியும் தோர்னக்கல் அத்தியட்சரும்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து நாம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் அம்மையார் மருமகளின் கையைப் பற்றிக்கொண்டு நம்மிடம் வந்தார். தாராவியில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, பிள்ளைகள் தலையெடுத்தபின் ஐரோலிக்குக் குடிவந்தவர். மருமகளின் கையில் ஒரு பழைய தகரப்பெட்டி இருந்தது. அதனுள்ளே திருமணப் பத்திரிகைகள், கிழிந்த வங்கிப் புத்தகம், மறைந்த கணவரின் பணி ஆணை, எல்லாவற்றிற்கும் அடியில் நான்காய் மடித்த ஒரு துண்டுத்தாள். மடிப்பு வழியே அது நான்கு துண்டாகிவிட்டிருந்தது. “இதிலே என் பிறந்த நாள் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள் தம்பி” என்றார்.

இருந்திருக்கும். இப்போது இல்லை. ஞானஸ்நானச் சீட்டு என்பதும், திருநெல்வேலிச் சீமையில் தேரி மணற்பாங்கான ஒரு சிற்றூரின் பெயரும் மட்டும் தெரிந்தன. நாளிருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது.

அம்மையாரின் சிக்கலை நம் வாசகருட் பலர் கேட்ட மாத்திரத்தில் அறிந்துகொள்வர். கணவர் மத்திய அரசாங்க ஊழியராயிருந்தவர். அவர் காலமானபின் வரும் குடும்ப ஓய்வூதியம், பெறுபவருக்கு எண்பது வயது நிறைந்தால் 20 விழுக்காடு உயர வேண்டும். அம்மையார் எண்பதைத் தாண்டியவர். ஆனால் அவருடைய ஆதார் அட்டையோ, அவர் 1948இல் பிறந்தவர் என்கிறது. அட்டைக்குப் படம் பிடித்தவர் கேட்டபோது, அருகில் நின்ற எவரோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டனர். அன்று அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

“உமக்கு வயது என்னவென்று உமக்கு எப்படித் தெரியும், அம்மா?” என்று கேட்டோம். சற்றும் தயங்காமல் மறுமொழி வந்தது. “அசரியா அத்தியட்சர் இறந்துபோன செய்தியைக் கோவிலில் வாசித்த அன்று நான் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தேனாம். என் ஆத்தாள் சாகிறவரைக்கும் அதைச் சொல்லுவாள்.”

அத்தியட்சர் அசரியா மறைந்தது 1945ஆம் ஆண்டு சனவரி முதல் நாள். ஆகவே அம்மையார் பிறந்தது 1943இன் இறுதியாகவோ 1944இன் தொடக்கமாகவோ இருத்தல் வேண்டும். எழுதப்படாத ஒரு வாழ்க்கைக்கு, எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை சாட்சி சொல்லுகிறது. இந்த இரண்டையும் பற்றியே இத்திங்கள் பேச விரும்புகிறோம்.

அசரியா யார் என்று நம் இளைஞர் வினவக்கூடும். கிறிஸ்தவரல்லாத அன்பர்களும் இதனை ஒரு சமயத்தாரின் செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டா. ஊரைவிட்டு வேற்று மொழி நாட்டில் வேரூன்றிய ஒரு தமிழரின் வரலாறு இது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகத்து 17ஆம் நாள் வெள்ளாளன்விளையில் பிறந்தார். இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. பனையும் செம்மணலும் சூழ்ந்த நாடு அது. தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். பல்லாண்டுகள் மைந்தனுக்காகத் தவங்கிடந்து பெற்றமையால், விவிலியத்தில் அவ்வாறே பிறந்த சாமுவேலின் பெயரைத் தாய் இட்டார். மகன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்று பயின்றார். தேர்வு வேளையில் நோயுற்றுப் பட்டம் பெறாமலே வெளியேறினார். (1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிற்று. தேர்வில் தவறிய பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனைச் சற்று நினைவில் வைத்தல் நலம்.) பின்னர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார்.

அவரைத் திருப்பியது ஒரு யாழ்ப்பாணப் பயணம். 1902இல் அங்குச் சென்றபோது, அவ்வூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பொருளால் பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். நூறாண்டுகளாய்ப் பிறர் கொடுத்ததை வாங்கி வாழும் திருநெல்வேலிச் சபை யாருக்கு என்ன கொடுத்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. அடுத்த ஆண்டே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. வெளிநாட்டுப் பணம் வேண்டா, நம்மவர் பொருள், நம்மவர் ஆள் என்பதே அதன் விதி. நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில், தெலுங்கு பேசும் தோர்னக்கல் பகுதியை அது தன் பணிக்களமாகக் கொண்டது.

ஆட்களை அனுப்பிவிட்டுத் தாம் சென்னையில் இருந்துகொண்டு சொற்பொழிவாற்றியிருக்கலாம். அசரியா அவ்வாறு செய்யவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, முப்பத்தைந்தாம் வயதில் அவரே தோர்னக்கலுக்குப் பெயர்ந்தார். வீடில்லாமையால் கூடாரத்தில் தங்கினார். தெலுங்கைப் புதிதாய்க் கற்றார். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்றார். மும்பையிலிருந்து புவனேசுவரம் செல்லும் கோனார்க் விரைவு வண்டியில் பயணம் செய்யும் அன்பர்கள், வரங்கலைக் கடந்து கம்மம் வருமுன் தோர்னக்கல் சந்திப்பு என்ற பலகையைக் காணலாம்.

1912ஆம் ஆண்டு திசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் அத்தியட்சராக அபிடேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. அதற்கு முன் திருநெல்வேலி கண்ட அத்தியட்சர்கள், நம் மொழியின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் உட்பட, கடல் கடந்து வந்தவர்கள். கறுப்பு மனிதர் ஒருவர் வெள்ளைக் குருமார்மீது அதிகாரம் செலுத்துவதா என்று ஐரோப்பியருட் சிலர் முணுமுணுத்தனர். எதிர்ப்பு அவர்களிடமிருந்து மட்டும் வந்திருந்தால் எழுதுவதற்கு எளிதாயிருக்கும். சாதி காரணமாகவும் பொறாமை காரணமாகவும் நம்மவரிடமிருந்தும் வந்தது.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1910இல், எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆங்கே அசரியா ஆற்றிய உரை அவையோரை நெளிய வைத்தது. நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், ஆயினும் எங்களுக்கு வேண்டுவது அன்பு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அவர் கேட்டதன் சாரம். ஒரே மேசையில் அமர்ந்து உண்ணத் தயங்கும் உபகாரியைப் பார்த்து இதைவிடப் பணிவாகவும் இதைவிடக் கூர்மையாகவும் எப்படிச் சொல்வது?

அவருடைய மறைமாவட்டத்தில் சேர்ந்தவர்களுட் பெரும்பாலோர் மாலா, மாதிகா எனப்பட்ட, தீண்டாமையின் பளுவைச் சுமந்த உழைப்பாளிகள். புதிதாய்த் திருமுழுக்குப் பெறுவோர் தங்கள் கையைத் தலைமீது வைத்து, தாம் ஞானஸ்நானம் பெற்றவர் என்றும் நற்செய்தியைச் சொல்லாவிடில் தமக்கு ஐயோ என்றும் உரக்கச் சொல்லும்படி அசரியா பழக்கினார். காந்தியடிகளுக்கும் அவருக்கும் மதமாற்றம் குறித்து 1930களில் கடுமையான கருத்து வேற்றுமை எழுந்தது. அதே அசரியா, கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையையும் எதிர்த்தார். அரசியலில் சலுகை தேடும் கூட்டமாகத் திருச்சபை ஆகிவிடலாகாது என்பது அவர் துணிபு. அவருடன் உடன்படாதவரும் அவரை எளிதில் ஒரு கட்சிக்குள் அடைத்துவிட முடியாது. 1939 சனவரி 6ஆம் நாள் தோர்னக்கலில் அவர் எழுப்பிய பேராலயம் பிரதிஷ்டையாயிற்று. கோயில் தூண்களும் முகலாயக் கும்மட்டங்களும் கலந்த கட்டடம் அது. ஆங்கிலேயரின் ஊசிக்கோபுரம் அதில் இல்லை. அவர் கனவு கண்ட தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் உருவாயிற்று. அதனைக் காண அவர் இல்லை.

இவ்வளவும் நமக்கு எவ்வாறு தெரியவந்தது? கடிதங்களாலும் பதிவுகளாலும்தான். அந்தக் கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்பதில்தான் நம் மனம் பெரிதும் தங்கி நின்றது. அவருடைய உற்ற நண்பர் அமெரிக்கரான ஷெர்வுட் எட்டி. எட்டியின் தாள்கள் யேல் பல்கலைக்கழகத்து இறையியல் நூலகத்தில் உள்ளன. எஸ்.பி.ஜி. சங்கத்தின் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டில், சி.எம்.எஸ். சங்கத்தின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் நம் நாட்டிலேயே உள்ளது. 1946இல் கரோல் கிரகாம் என்ற அம்மையார் அசரியாவின் வரலாற்றை எழுதினார். பின்னர் சூசன் பில்லிங்டன் ஹார்ப்பர் என்ற அறிஞர் இவ்வாவணங்களைப் பல ஆண்டுகள் துருவி, ஆந்திரக் கிராமங்களில் முதியோரைக் கண்டு வினவி, 2000ஆம் ஆண்டில் ஒரு பெருநூலை வெளியிட்டார்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடிதத்தைக் காப்பவர் அதனை எழுதியவர் அல்லர், பெற்றவரே. ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் எழுதியவை அவர்தம் சங்கங்களின் அலமாரிகளில் எண்ணிட்டு வைக்கப்பட்டன. வெள்ளாளன்விளைக்கு எழுதியவை ஓலைக்கூரை வீட்டின் இறவாணத்தில் செருகப்பட்டன. ஆகவே ஆங்கிலத்தில் எழுதிய அசரியாவையே உலகம் மிகுதியும் அறிகிறது.

அவர்தம் மனைவியாரின் நிலை இன்னும் மெலிது. 1898இல் அவரை மணந்த அன்பு மரியம்மாள், தென்னிந்தியாவில் கல்லூரிக் கல்வி பெற்ற முதற் கிறிஸ்தவப் பெண்களுள் ஒருவர். ஆறு மக்களைப் பெற்று வளர்த்தவர். கணவருடன் ஊர் ஊராய்ச் சென்று பெண்களிடையே பணி செய்தவர். பதிவுகளில் அவர் பெரும்பாலும் ‘திருமதி அசரியா’. அத்தியட்சரின் மனைவியாருக்கே இந்நிலை என்றால், தலையில் கைவைத்து உறுதி சொன்ன மாதிகாப் பெண்ணுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கும், சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில்.

அந்த ஒரு வரி எளியதன்று. பழைய பதிவேட்டைக் கண்டவர் அறிவர். ஞானஸ்நான நாள், பிறந்த நாள், பிள்ளையின் பெயர், தாய் தந்தையர் பெயர், ஊர், தந்தையின் தொழில், குருவின் கையொப்பம் என்று கட்டங்கள் செல்லும். தொழில் என்ற கட்டத்தில் ‘பனையேற்று’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். இடையே ஓரிடத்தில் ‘உபதேசியார்’ என்று வரும். பிற்பாடு ‘கொழும்பு’ என்றும் ‘பம்பாய்’ என்றும் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கும். நம் குடிபெயர்ச்சியின் வரலாற்றை எழுதியவர் அந்தப் பென்சிலைப் பிடித்த உபதேசியார்தாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இங்கிலாந்தில் 1538இலேயே ஒவ்வொரு பங்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1598இல் அதற்கு மேலும் ஒரு விதி செய்தனர். ஆண்டுதோறும் அப்பதிவேட்டின் நகலை அத்தியட்சருக்கு அனுப்ப வேண்டும். மூலம் எரிந்துபோன ஊர்களிலும் நகல் பிழைத்து நின்று இன்று உதவுகிறது. இந்தியாவிலும் சென்னை, பம்பாய், வங்காள மாகாணங்களின் சமயப் பதிவுகளுக்கு ஆண்டுதோறும் நகலெடுத்து இலண்டனுக்கு அனுப்பினர். அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பியரையும் ஆங்கிலோ இந்தியரையும் பற்றியவை. மாட்சிமை பொருந்திய படைவீரர் ஒருவரின் குழந்தை எந்நாளில் பிறந்தது என்பதற்கு இரண்டு இடங்களில் சான்று உண்டு. தேரிக்காட்டுப் பனையேறியின் மகளுக்கு ஒரே இடம். 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி திருமணங்களின் நகலாவது அரசாங்கத்துக்குச் சென்றது. ஞானஸ்நானத்துக்கு அவ்விதி இல்லை.

அம்மையாரின் மகன் ஊருக்கு எழுதிக் கேட்டார். அந்த ஆண்டுகளின் ஏடு கறையானுக்கு இரையாயிற்று என்று விடை வந்தது. எழுதியவரை நாம் குறை கூறமாட்டோம். அவர் வருந்தியே எழுதியிருந்தார். நம் வீட்டுக் கதையும் அதுதான். நம் சங்கத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகள் தாராவியில் ஓர் உறுப்பினர் வீட்டின் தரைத்தளத்தில் இருந்தன. 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் வடிந்தபின் அவ்வீட்டார் பிள்ளைகளின் புத்தகங்களைத்தான் முதலில் வெயிலில் போட்டனர். அது நியாயந்தானே? குறிப்பேடுகள் கூழாயின. அவற்றுக்கு ஒரு நகலெடுத்து மேல்மாடியில் வைக்க நமக்கு இருபது ஆண்டுகள் அவகாசம் இருந்தது, நாம் செய்யவில்லை.

தோல்பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர்கள், மாதுங்காவில் கடை வைத்தவர்கள், செம்பூரில் குடியேறியவர்கள் ஆகியோர் ஆங்காங்கே ஒரு பஜனைக் குழுவோ, செபக்கூட்டமோ, ஊர்ச்சங்கமோ வைத்திருந்தனர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. யார் எவ்வளவு சந்தா கொடுத்தார், எவர் வீட்டுச் சாவுக்கு எவ்வளவு உதவி சென்றது என்பதெல்லாம் அதில் உண்டு. தாராவியின் பழைய வீடுகள் கைமாறியும் இடிபட்டும் வரும் இந்நாளில், பரண்மேல் இருப்பவை பழைய தாள் வியாபாரியின் தராசுக்குப் போய்விடும். ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். வரும் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பெட்டியில் உள்ள பழந்தாள்களைக் கொண்டு வாருங்கள். ஞானஸ்நானச் சீட்டு, நிக்காஹ் பதிவு, சாதகக் குறிப்பு, ஊர்ச்சங்க ரசீது எதுவாயினும் சரி. இளைஞர் இருவர் கைபேசியால் படமெடுத்து, ஒரு படியை உங்களிடமும் மற்றொரு படியைச் சங்கத்திலும் வைப்பர். மூலத்தை அப்போதே உங்கள் கையில் திருப்பித் தந்துவிடுவோம். படமெடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுக்கும்படி அவர்களிடம் சொல்லுங்கள்; பல வீடுகளில் பிறந்த நாட்கள் பின்பக்கத்தில்தான் எழுதப்பட்டுள்ளன.

அம்மையாரின் செய்தியை முடித்துவிடுகிறோம். அவருடைய ஊரில் முன்னாளில் உபதேசியாராயிருந்தவரின் பேரர் ஒருவர் செம்பூரில் இருப்பதாக நம் உறுப்பினர் ஒருவர் சொன்னார். சென்று கண்டோம். பாட்டனாரின் கைப்புத்தகத்தை அவர் விவிலியத்துடன் சேர்த்து மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். எவரும் அதனைக் கேட்டு வந்ததில்லையாம். சபைப் பதிவேட்டில் எழுதுமுன் உபதேசியார் தம் நினைவுக்காகக் குறித்து வைத்தது அது. மை மங்கியிருந்ததே தவிர எழுத்து முத்துப்போல் இருந்தது. 1943ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அம்மையாரின் பிறப்பு. அடுத்த பெப்ருவரியில் ஞானஸ்நானம். அவருடைய தாயாரின் கணக்கில் பிழையில்லை.

தனிமனிதர் ஒருவரின் கைப்புத்தகம் சான்றாகுமா என்று அலுவலகத்தார் கேட்டனர். கேட்க வேண்டிய கேள்விதான். பக்கத்தின் நகலுடன் உறுதிமொழிப் பத்திரமும் இணைத்து விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். இதனை எழுதும் நாள்வரை முடிவு தெரியவில்லை.

ஆனால் நாம் நகலை ஐரோலிக்குக் கொண்டுசென்று காட்டியபோது அம்மையார் தம் வரியை நெடுநேரம் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதற்கு மேலே மூன்றாவதாக இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். அதே தாய், அதே தந்தை. 1941இல் பிறந்த ஒரு பெண் குழந்தை. ஓரத்தில், ஒன்பதாம் மாதம் அடக்கம் என்று ஒரு குறிப்பு. தமக்கு முன் ஒரு அக்காள் பிறந்து இறந்தாள் என்பது அவருக்குத் தெரியும். அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்பது தெரியாது. தாயார் அந்தப் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லையாம்.

அப்பெயரை இங்கே அச்சிட வேண்டா என்று கேட்டுக்கொண்டார். அந்த வரியை மட்டும் பெரிதாக்கி இன்னொரு நகல் எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்டார். மறுநாள் மாலை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தோம்.